நெடுந்தீவுக்கு ஒரு பை

யாத்திரை புறப்படுவோர் பலவகையினர். கோயிலுக்குப் போவோர் பூவும் கற்பூரமும் கட்டிக்கொள்வர். உறவினரைக் காணப் போவோர் பலகாரம் கட்டிக்கொள்வர். படம் பிடிக்கப் போகிறவனுக்கோ எதைக் கட்டுவது என்பதிலும் எதனுள்ளே கட்டுவது என்பதே பெருங்கவலை. கமரா வாங்கும்போது அதைச் சுமக்கும் பையைப் பற்றிச் சிந்திப்பவர் மிகச் சிலரே. நானும் சிந்திக்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையையும், நெடுந்தீவுக் கடல் எனக்குக் கற்பித்த பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

எம் கல்லூரியின் உயர்தர வகுப்பில் நெடுந்தீவைச் சேர்ந்த மாணவன் ஒருவன் பயின்றான். ஒருநாள் பாடம் முடிந்து எல்லோரும் போன பின்னர் அவன் மட்டும் என் மேசையருகே நின்றான்.

"சேர், எங்கட ஆச்சிக்கு எண்பத்தெட்டு வயசு. அவவின்ர படம் எண்டு அடையாள அட்டையில இருக்கிறது மட்டுந்தான். ஒருக்கா வந்து எடுத்துத் தருவீங்களோ?"

"உன்னட்ட போன் இருக்குத்தானே?" என்றேன்.

"அதில எடுத்தனான், சேர். போன் கடலுக்க விழுந்திட்டுது. படமும் அதோட போட்டுது."

வருவதாக உடனே வாக்களித்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கித் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அம்மா ஒரு பையிலே காணி உறுதிகளையும், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும், சில உடுப்புகளையும் வைத்தார். குடும்பத்துப் படங்கள் ஒட்டிய அல்பம் மேசைமேல் இருந்தது. அது பெரியது, பாரமானது. பையிலே இடமில்லை. "பிறகு வந்து எடுக்கலாம்" என்றார் அப்பா. ஆறு மாதங்களின் பின் திரும்பி வந்தபோது வீடு இருந்தது, அல்பம் இல்லை. என் பாட்டனாரின் முகம் இன்று எங்கள் குடும்பத்தில் எவரிடமும் இல்லை. ஆகவே, ஒரு படமும் ஒரு பையும் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கியவை என்பதை நான் அறிந்திருக்க வேண்டும். அறிந்திருந்தும் மறந்துபோனேன்.

பை தேடிய கதை

அப்பொழுது என்னிடம் இருந்தது ஒரு பழைய தோற்பை. பார்வைக்கு மிக அழகானது. மாரி முழுவதும் கமராவை அதனுள் இட்டு அலுமாரியில் பூட்டிவைத்தேன். தை பிறந்து திறந்தபோது வில்லையின் உட்புறத்தில் சிலந்தி வலைபோல வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன. அது பூஞ்சணம். காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு அறுபது எழுபதைத் தாண்டி நெடுநாள் நின்றால், இருட்டிலும் காற்றோட்டமற்ற இடத்திலும் பூஞ்சணம் செழித்து வளரும். தோலோ ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பது. பூஞ்சணத்துக்கு அதுவே உணவுமாகும். கடல் சூழ்ந்த எம் நாட்டில் வில்லையைத் தோற்பையில் மாதக்கணக்காகப் பூட்டிவைப்பது, நெல்லை ஈரநிலத்திலே கொட்டிவைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே புதிய பை தேடப் புறப்பட்டேன். யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் ஒருநாள். கொழும்பு சென்றபோது புறக்கோட்டையில் ஒருநாள். புறக்கோட்டையில் இல்லாத பை இவ்வுலகில் இல்லை. ஒரு தோளில் தொங்குவது, இரு தோளிலும் மாட்டுவது, மார்புக்குக் குறுக்கே கிடப்பது, இடுப்பிற் கட்டுவது, இரும்புப் பெட்டிபோல் உறுதியான பிளாத்திக்குப் பேழை என அவை பலவகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. ஒற்றைத் தோட்பையில் நின்ற நிலையிலேயே கமராவை எடுக்கலாம். ஆனால் இரண்டு மணி நேரத்தில் தோள் இற்றுப்போகும். முதுகுப்பை பாரத்தை இரு தோள்களுக்கும் பகிர்ந்தளிக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி நிலத்தில் வைத்துத் திறக்கவேண்டும். திறப்பதற்குள் கொக்குப் பறந்துவிடும். பேழைக்குள் நீரும் தூசியும் புகா. ஆனால் அதைத் தூக்கி நடப்பவன் சுமைகூலியாகிவிடுவான்.

முன்னோர் பட்ட பாட்டை நினைத்தால் எம் துன்பம் சிறிது. 1870ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் படம்பிடித்த ஜோசப் லோட்டனின் காலத்தில் படம் பதிந்தது கண்ணாடித் தகட்டிலே. தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன்னே படம்பிடித்து, உடனே கழுவவும் வேண்டும். ஆகையால் இருட்டறையையும், மருந்துப் போத்தல்களையும், தண்ணீரையும் காட்டுவழியே உடன் கொண்டுசென்றனர். பின்னாளில் கமரா சிறுத்தது; பை பிறந்தது. பத்திரிகைப் படப்பிடிப்பாளர் பலர் விரும்பித் தோளில் மாட்டிய இங்கிலாந்துப் பைகளைத் தைத்த பில்லிங்ஹாம் நிறுவனம், 1973இல் தொடங்கியபோது தைத்தவை மீன்பிடிப் பைகளே. நியூயோர்க்கிலே படப்பிடிப்பாளர்கள் அவற்றில் கமராவை வைத்துக் கொண்டு திரிவது சில ஆண்டுகளின் பின்னரே நிறுவனத்தாருக்குத் தெரியவந்தது. அமெரிக்காவில் ஜிம் டொம்கி என்னும் பத்திரிகைப் படப்பிடிப்பாளர், கடைப் பைகள் எவையும் தம் தொழிலுக்கு ஒத்துவராமையால் தாமே கன்வஸ் துணியில் ஒரு பையை வகுத்துக்கொண்டார். இவ்விரு செய்திகளின் பொருளும் எனக்குப் பின்னரே விளங்கின.

புறக்கோட்டைக் கடைக்காரர் மிகப் பெரிய கரிய முதுகுப்பை ஒன்றை எடுத்து வைத்தார். பதினெட்டு அறைகள், எண்ணற்ற சிப்புகள், மழை பெய்தால் இழுத்துப் போர்த்த ஓர் உறை. வெறும் பையே இரண்டு கிலோ நிறை. என் கமராவும் இரண்டு வில்லைகளும் சேர்ந்தே அவ்வளவு நிறைதான். "இது இருந்தால் உலகம் சுற்றலாம்" என்றார். மாதச் சம்பளத்தின் மூன்றிலொரு பங்கைக் கொடுத்து வாங்கினேன். நான் சுற்ற வேண்டியது உலகமன்று, நெடுந்தீவு என்பது அவ்வேளை நினைவுக்கு வரவில்லை.

சோளகக் கடலிலே

ஆகஸ்டு விடுமுறையில் ஒரு நாட் காலை மாணவனோடு பஸ் ஏறினேன். பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் இருபுறமும் ஆழமற்ற கடல். முழங்காலளவு நீரில் நின்று வீச்சுவலை எறிவோர் இடுப்பிலே பனையோலைப் பறி கட்டியிருந்தனர். வேலணையைத் தாண்டி, நீண்ட தாம்போதியின் வழியே புங்குடுதீவை அடைந்து, வீதி முடியும் இடத்தில் குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கினோம். நயினை நாகபூஷணி அம்பாளைத் தரிசிக்கச் செல்வோரும் நெடுந்தீவுக்குச் செல்வோரும் ஏறுவது இத்துறையிலேதான்.

அது சோளகம் வீசுங் காலம். நெடுந்தீவு தென்மேற்கே கிடப்பதால் படகு காற்றை முகத்தில் வாங்கியபடியே ஒரு மணி நேரம் ஓட வேண்டும். கரையை விட்டகன்ற சிறிது நேரத்தில் அலைத்துவலை மழைபோல் அடிக்கத் தொடங்கிற்று. நான் பெருமையோடு மழையுறையை இழுத்துப் பைக்குப் போர்த்தி, துவலை படாவண்ணம் ஆசனத்தின் கீழே கால்களுக்கிடையில் வைத்தேன். எதிரே மீன் உமலை மடியில் வைத்தபடி ஒரு முதியவர் இருந்தார். அவர் என் பையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வாத்தியார், உதைக் கீழ வையாதேங்கோ. மடியில வையுங்கோ."

"மழையுறை போட்டிருக்குது ஐயா" என்றேன்.

அவர் பின்னர் ஒன்றும் சொல்லவில்லை.

நெடுந்தீவில் இறங்கிப் பையைத் தூக்கியபோது, ஏறும்போது இருந்த நிறையிலும் கூடுதலாக இருந்தது. உறை மேற்புறத்தை மட்டுமே மூடியிருந்தது. படகின் தளத்தில் அங்குமிங்கும் அசைந்த உப்புநீர் அடிப்புறத் தையல் வழியே உட்புகுந்திருந்தது. உள்ளே பதித்திருந்த பஞ்சு, துளை திறந்த பஞ்சு. அது நீரைத் தடுக்கவில்லை. ஒரு மணி நேரமும் குடித்துக்கொண்டிருந்தது. கமரா அந்த ஈரத்தின்மேல் படுத்திருந்தது.

இங்கே இரண்டாவது பிழையையும் செய்தேன். நனைந்த கருவியில் முதலிற் செய்யவேண்டியது பற்றரியைக் கழற்றுவது. நானோ, வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆவலில் ஆளியை அழுத்தினேன். ஒரு கணம் வெளிச்சம் தோன்றி அணைந்தது. அதன்பின் அது கண் திறக்கவில்லை. ஒரு வீட்டில் கேட்டு வாங்கிய அரிசிப் பானைக்குள் புதைத்தும் பார்த்தோம். அரிசி ஈரத்தை வாங்கும் வல்லமை மிகவுங் குறைந்தது. அதன் மாவு கமராவின் இடுக்குகளுக்குள் புகுந்ததே கண்ட பலன்.

முருகைக்கல் வேலிகளின் ஊர்

ஆச்சி குளித்து, வெளுத்த சேலை உடுத்து, திருநீறு பூசி, வாசற்றிண்ணையில் காத்திருந்தார். என் முதுகிலிருந்த பொதியைக் கண்டதும் அவர் முகத்தில் அச்சம் படர்ந்தது.

"தம்பி, உதுக்குள்ள என்ன கிடக்கு? எனக்கு ஊசி கீசி போடப் போறியளோ?"

எல்லோரும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் எடுக்க இயலாது என்பதை அவரிடம் சொல்வதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. "அதுக்கென்ன, பிறகு வாங்கோவன்" என்றார். எண்பத்தெட்டு வயதில் ஒருவர் சொல்லும் 'பிறகு' என்ற சொல் என் அப்பாவின் சொல்லை நினைவூட்டியது.

மாலைப் படகுவரை பொழுது இருந்தது. மாணவன் என்னை ஊர் காட்ட அழைத்துச் சென்றான். ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தீவுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் டெல்வ்ற் எனப் பெயரிட்டனர். எங்கு நோக்கினும் முருகைக்கல் வேலிகள். சாந்தும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கல்லின்மேற் கல்லாக அடுக்கியவை. காற்று இடையிடையே புகுந்து போவதால் அவை சோளகத்துக்கும் வாடைக்கும் விழாமல் நிற்கின்றன. இடிந்த கோட்டையும் முருகைக்கல்லே. தூது செல்லும் புறாக்களுக்கெனக் கட்டிய கூட்டுக் கோபுரமும், குதிரை லாயத்தின் எஞ்சிய தூண்களும் அக்காலத்தை நினைவூட்டுகின்றன. ஐரோப்பியர் ஆட்சியில் இங்கே வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை, பின்னர் எவருக்கும் உரிமையின்றித் தெற்கேயுள்ள வெளிகளில் தாமே மேய்ந்து வாழலாயின. அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்குமரம் ஒன்றின் பொந்துக்குள் நாமிருவரும் நின்று வெயிலாறினோம்.

இவ்வூரில் எதுவும் பிறவூரிலிருந்து கடன் வாங்கியதாகத் தோன்றவில்லை. கல் இவ்வூர்க் கல். வேலி இவ்வூர்க் காற்றுக்கு ஏற்ற வேலி. என் முதுகிலிருந்த பை ஒன்றே யாரோ யாருக்கோ எங்கோ செய்தது. பெருக்குமரத்தடியில் அதை எண்ணிக்கொண்டிருந்தபோது, படகிலே முதியவரின் மடியிலிருந்த உமலும், பண்ணைக் கடலில் வலை எறிந்தோரின் இடுப்பிலிருந்த பறியும் கண்முன் தோன்றின. மீன்பிடிப் பை கமராப் பையான கதையும் அப்போதுதான் விளங்கிற்று. தண்ணீரோடு வாழ்பவனுக்கு எதை எங்கே சுமக்க வேண்டும் என்பது தெரியும்.

தையற்காரரின் கைவண்ணம்

கமரா கொழும்புக்குப் போய்ப் பழுது பார்க்கப்பட்டு வர மூன்று மாதம் சென்றது. உப்பு அரித்த இணைப்புகளை மாற்றவேண்டியிருந்தது. அதற்கிடையில் பள்ளிப்பைகளும் லொறிப் படங்குகளும் தைக்கும் ஒரு தையற்காரரிடம் போனேன். அவர் கமராவை அறியார். ஆனால் மழையை அறிந்தவர். என்னிடம் அவர் கேட்ட முதற் கேள்வி, "எதைக் கொண்டு போறியள்?" என்பதன்று. "எதில போறியள்? எங்க வைப்பியள்?" என்பதே.

இருவரும் கூடி வகுத்த பை இவ்வாறு அமைந்தது. வெளித்துணி, மெழுகேற்றிய படங்கு. நிறம் மண்ணிறம், கரும்பை வெயிலை உறிஞ்சி உள்ளிருப்பதை வேகவைக்கும். அடியில் பழைய செருப்பிலிருந்து வெட்டிய நான்கு இறப்பர்க் கால்கள். தரை நனைந்திருந்தாலும் பை விரலளவு உயர்ந்தே நிற்கும். உள்ளே துளை மூடிய பஞ்சு. படுக்கைப்பாயாக விற்கப்படும் அதனுள் நீர் ஊறாது. உட்துணி வெளிர்மஞ்சள், கரிய வில்லைமூடி விழுந்தாலும் உடனே தெரியும். சிப்பு இல்லை, உலோகச் சிப்பை உப்பும் மணலும் கடித்துவிடும். அகன்ற மடல் ஒன்று முன்னே தாழ்ந்து மூடும். தோற்பட்டி மோட்டார் வண்டியின் இருக்கைப் பட்டி. அகலமானது, தோளை அறுக்காது. பறியைப்போல இடுப்பைச் சுற்றி இன்னொரு பட்டி. நடக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் தங்கும். இவ்வளவும் போக, கடலைக் கடக்கும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஒரு தடித்த பொலித்தீன் பை. கமராவை அதனுள் இட்டு, வாயை மூன்று முறை சுருட்டிக் கட்டினால் துவலையோ தள நீரோ புகாது.

அளவைக் குறைத்ததே யாவற்றிலும் பெரிய மாற்றம். ஒரு கமரா, இரண்டு வில்லை, ஒரு மேலதிக பற்றரி, ஒரு துணி. இவற்றுக்குமேல் ஒன்றும் கொள்ளாது. பெரிய பை எப்போதும் தன்னை நிரப்பச் சொல்லும். நிரப்பியவன் பாதி வழியில் களைப்பான். களைத்தவன் நல்ல படம் எடுக்கமாட்டான்.

படம்பிடிக்கும் மாணவர்களுக்கு மேலும் இரண்டொரு குறிப்புகள். பையின் மூலையில் சிலிக்கா ஜெல் மணிகள் கொண்ட சிறு பொட்டலம் ஒன்று கிடக்கட்டும். ஈரம் ஏறியதும் நிறம் மாறும் மணிகள் உண்டு. சமைப்பதற்கு ஆகாத ஒரு சட்டியில் மெல்லிய சூட்டில் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியவுடன் கமராவை வெளியே எடாதீர்கள்; வெளியே உள்ள ஈரக்காற்று அதன்மேல் வியர்வைபோற் படியும். பைக்குள்ளேயே சிறிது நேரம் வெம்மை ஏற விடுங்கள். கடலாடி வந்த கமராவை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உப்பு மணல்போற் கீறும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுத்து, பின்னரே உலர்த்துங்கள். வீடு திரும்பியதும் பையை வெறுமையாக்கிக் காற்றாட விடுங்கள். பை பயணத்துக்கானது, வீட்டில் கமரா குடியிருக்கும் இடமன்று.

மீண்டும் ஆச்சியிடம்

பங்குனி மாதத்தில் கடல் குளம்போலக் கிடந்தது. ஆயினும் பையை மடியிலேயே வைத்திருந்தேன். ஆச்சி நலமாயிருந்தார். இம்முறை என் தோளிற் கிடந்ததைக் கண்டு அவர் அஞ்சவில்லை.

"சந்தைக்குப் போட்டு வாறியளோ, தம்பி?" என்று கேட்டார். அதைவிட உயர்ந்த பாராட்டை என் பை பெற்றதில்லை.

திண்ணையில் காலை வெயில் சாய்ந்து விழுந்தது. பின்னணியில் முருகைக்கல் வேலி. பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். அவற்றுள் ஒன்றில், பேரன் ஏதோ சொல்ல, ஆச்சி பொக்கைவாய் திறந்து சிரிக்கிறார். அதைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும்படி அனுப்புவதாகச் சொன்னேன்.

ஆச்சி எழுந்து உள்ளே போனார். மூடியுள்ள ஒரு பனையோலைப் பெட்டியைக் கொண்டு வந்து திறந்தார். அதனுள்ளே காணி உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், துணியில் முடிந்த சிறிது பணம். அவற்றின் அடியில் ஒரு சிறு படம். அவருடைய கணவரின் படமாம். உவர்க்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் படர்ந்து, தலைப்பாகையும் ஒரு தோளும் மட்டுமே எஞ்சியிருந்தன.

"பெரிசா வேண்டாம், தம்பி. இதுக்குள்ள அடங்கவேணும். ஓடுற நேரம் சுவரில கிடக்கிறதைக் கழட்ட ஏலாது."

எனக்குப் பேச்சு எழவில்லை. எங்கள் வீட்டு மேசைமேற் கிடந்த அல்பம் நினைவில் வந்து நின்றது. அத்தனை ஆண்டுகளாகப் பை தேடித் திரிந்த எனக்கு, பை எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆச்சி இரண்டே வசனத்தில் சொல்லிவிட்டார்.

பெட்டியின் நீள அகலத்தை விரலால் அளந்து குறித்துக்கொண்டேன். அவ்வளவிலேயே இரண்டு பிரதிகள் எடுத்து, ஈரம் புகாத தடித்த பொலித்தீன் உறையிலிட்டு வாயை ஒட்டி, மாணவனிடம் கொடுத்தனுப்பினேன். ஒன்று ஆச்சியின் பெட்டிக்கு; மற்றையது அவனுக்கு. அடுத்த திங்கட்கிழமை அவன் வந்து, "சரியா அடங்கிச்சுது, சேர்" என்றான்.

புறக்கோட்டைப் பை எங்கள் வீட்டுப் பரணில் வெறுமையாய்க் கிடக்கிறது. படங்குப் பை கதவோரத்து ஆணியிலே தொங்குகிறது. அதன் உட்புறத்தில் தையற்காரரைக் கொண்டு நான்கு விரலகலத்தில் இன்னுமோர் அறை தைப்பித்திருக்கிறேன். அதில் கமராவைச் சார்ந்த எதுவும் இல்லை. எங்களிடம் எஞ்சியுள்ள குடும்பப் படங்கள் சில, ஓர் உறைக்குள் இருக்கின்றன.